அனுமதிக்கப்பட்ட ஆட்கள் நான்கு

சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற சாலையில் ஒரு பட்டாசு ஆபீஸும் (தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் பெயர்) ஒரு கலைக் கல்லூரியும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் ஐந்து ஏக்கர் கருவேலங்காடு. மூன்றுக்கும் முதலாளி சங்கரபாண்டியன்.

மாணவ சமுதாயத்தின் கூட்டு வாழ்வை மேம்படுத்தும் உயரிய நோக்குடன் கல்லூரியில் பண்பாட்டு மையம் ஒன்று அமைக்கப்படும் என்று அவர் அறிவித்தார். தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, மையம் இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும் என்பதும் அந்த உயரிய நோக்கத்துக்குள் அடக்கம்.

கட்டியவர், பட்டாசு ஆபீஸுக்கு முப்பது வருஷமாக வெடிமருந்து அறை கட்டிக்கொண்டிருக்கும் கொத்தனார். அவருக்குத் தெரிந்த கட்டடம் ஒன்றே ஒன்றுதான். பத்துக்குப் பத்து அறை. நாலு பக்கமும் வெளியே திறக்கும் கதவு. வாசலில் மணல் வாளி. உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க, நுழையும் முன் கை வைக்க ஒரு செம்புத் தகடு. பெயிண்டர் கண்ணுச்சாமியும், மருந்து அறைக்குச் சட்டப்படி எழுதுகிற வரியைக் கை போன போக்கில் சேர்த்து எழுதி முடித்துவிட்டார்: 'மாணவர் பண்பாட்டு மையம். அனுமதிக்கப்பட்ட ஆட்கள் 4.'

மைய ஒருங்கிணைப்பாளர் பேராசிரியர் மணிகண்டராஜ் அதை மூன்று முறை வாசித்தார்.

"என்ன கண்ணுச்சாமி, இங்கன மருந்தா அடைக்கப் போறாக?"

"பழக்கதோசம் சார். அழிச்சிரட்டுமா?"

அழிப்பதா? எழுதியதை அழிக்க நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். கோப்பு போனது. சங்கரபாண்டியன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நம்ம ஆபீஸ்ல இதுவரைக்கும் ஒரு போர்டையாவது அழிச்சிருக்கோமா சார்? இருக்கட்டும். சட்டத்த மதிக்கிற காலேசுன்னு பேராவது வரும்."

அன்று முதல் பண்பாடு நான்கு பேராக வளர்ந்தது. கவியரங்கத்தில் கவிஞர் ஒருவர், கேட்பவர் இருவர், நன்றியுரை ஒருவர். பட்டிமன்றத்தில் அணிக்கு இரண்டு பேர்; நடுவருக்கு இடமில்லாததால் இரண்டு அணியும் வென்றன. ஐந்தாவது கால் உள்ளே பட்டால் காவலர் விசில் ஊதினார்.

மாட்டிக்கொண்டது கும்மிதான். மூன்றாம் வருஷம் படிக்கிற மாரிசெல்வி தன்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்களைப் பழக்கி வைத்திருந்தாள். அவள் அம்மா சண்முகத்தாய் பின்பக்கத்துப் பட்டாசு ஆபீஸில் மருந்து அடைக்கிறவள். மகள் ஆடி அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தீபாவளி போனால் அடுத்த ஆர்டர், அது போனால் அடுத்த சீசன். குழு வருகிற அன்றைக்கு எப்படியும் அரை நாள் லீவு கேட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"நாலு பேரு ஆடுங்க" என்றார் மணிகண்டராஜ்.

"நாலு பேரு கும்மியடிச்சா கேரம் போர்டு ஆடுற மாதிரி இருக்கு சார். வெளிய மைதானத்துல ஆடிக்கிறோமே?"

"மைதானம் விளையாட்டுத் துறைம்மா. பண்பாடு மையத்துக்குள்ளதான் நடக்கணும். மிச்ச எட்டுப் பேர மனசுல நெனச்சுக்கோங்க. கலைன்னாலே கற்பனைதான?"

"அப்ப குழு வந்துட்டுப் போனதாவும் நெனச்சுக்கிடலாமா சார்?"

மணிகண்டராஜுக்கு அந்த நேரம் பார்த்து, அடிக்காத போன் வந்துவிட்டது.

உயரம் பார்த்து நான்கு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஆட்டம் சொல்லிக்கொடுத்த மாரிசெல்வி குட்டை.

குழு வந்த காலையில் உபரி மாணவியர் எட்டுப் பேருக்கு வாய்மொழி உத்தரவு ஒன்று பிறந்தது: "அவுக போற வரைக்கும் பின்னால காட்டுக்குள்ள இருங்க. ஒரு தலை தெரியக்கூடாது."

முள்ளை விலக்கி உள்ளே போனால், மரத்தடிகளில் அறுபது பெண்கள். எல்லார் கையும் மருந்து படிந்து வெள்ளி மாதிரி மின்னியது.

"ஏ புள்ள மாரி, நீ எங்க இங்கன?" சண்முகத்தாய்தான்.

"எங்க போர்டுலயும் நாலுதாம்மா. நீ லீவு கேக்கலையா?"

"கேட்டேன். தரல. இப்ப கவர்மெண்டு ஆபீசர் சோதனைக்கு வந்துருக்காகன்னு பத்திவிட்டுட்டாக. லீவுன்னா கெடைக்காது, ஒளிஞ்சுக்கன்னா அரை நாள் கெடைக்கும். எங்க ரூம்ல பதினோரு பேரு. அவுக எண்ணும்போது மட்டும் நாலு."

"எங்க மையத்துல நெசமாவே நாலுதாம்மா."

"நெசமாவேவா?" சண்முகத்தாய் வாயில் கை வைத்தாள். "அம்புட்டு நேர்மையா?"

"தொட்டுட்டுப் போகச் செம்புத் தகடுகூட மாட்டிருக்காக."

சண்முகத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு ஓரத்துல வளஞ்சிருக்குமே?"

"ஆமா."

"எங்க ரூமுத் தகடுதான். ரெண்டு மாசமா காணலன்னு தேடிக்கிட்டு இருக்கோம்."

தகடில்லாத அறையில் ஒரு பொறி போதும் என்று எல்லாருக்கும் தெரியும். பிறகு யாரோ ஒருத்தி சிரித்தாள். அறுபது பேரும் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சரி, ஆடு. பாக்கத்தான வாரேன்னேன்."

"எட்டுப் பேருதாம்மா இருக்கோம்."

நாலு பெண்கள் எழுந்தார்கள், சண்முகத்தாயும் சேர்த்து. வட்டம் நிறைந்தது. கை தட்டினால் அந்தப் பக்கம் ஆபீசருக்குக் கேட்கும், இந்தப் பக்கம் குழுவுக்குக் கேட்கும். ஆகவே சத்தமில்லாமல் கும்மி நடந்தது. உள்ளங்கை உள்ளங்கையைத் தொட்டுத் தொட்டுப் பிரிந்தது. ஆடி முடித்தபோது மாரிசெல்வியின் கையும் வெள்ளியாகியிருந்தது.

அங்கே ஆபீசர் அறைக்கு நான்கு என்று எண்ணிக் கையெழுத்திட்டார். இங்கே குழு, நான்கு பேர் கும்மியைக் கண்டு களித்து, மாணவர் கூட்டு வாழ்வில் இம்மையத்தின் பங்கு போற்றுதற்குரியது என்று எழுதியது.

காட்டுக் கும்மி சங்கரபாண்டியன் காதுக்கும் போனது. அவர் கோபப்படவில்லை. பண்பாடு எங்கே நடக்கிறதோ அங்கே மையம் வேண்டியதுதானே? கருவேலங்காட்டுக்கு வேலி போட்டு, வாசல் வைத்து, கண்ணுச்சாமியைக் கூப்பிட்டார். இந்த முறை பெயிண்டர் பழக்கதோசத்தால் அல்ல, உத்தரவின்படியே எழுதினார்: 'மைய விரிவாக்கம். அனுமதிக்கப்பட்ட ஆட்கள் 4.'

திறப்பு விழாவுக்கு ஊரே போனோம். பத்தாயிரம் வாலா வெடித்தோம், லட்டுத் தின்றோம். வாசலில் புதிதாக ஒரு செம்புத் தகடு மாட்டியிருந்தார்கள். அது எந்த அறையிலிருந்து வந்தது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. தொட்டுக்கொண்டு உள்ளே போனோம். வருகைப் பதிவேட்டில் மணிகண்டராஜ் 'வந்திருந்தோர்: நால்வர்' என்று எழுதிவைத்திருந்தார். கீழே முந்நூறு பேரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டோம்.