தள்ளி உட்காரு

ஒற்றைச்சுழி நாடு என்று ஒரு நாடு இருந்தது. எந்தத் திசையில் என்று கேட்காதீர்கள், சொன்னால் எனக்குத்தான் வம்பு. அங்கே உச்சந்தலையில் முடி ஒரு சுழியாகச் சுழன்றிருந்தால் உயர்ந்த பிறவி, இரண்டு சுழி இருந்தால் தாழ்ந்த பிறவி. தன் சுழியைத் தானே பார்க்க யாராலும் முடியாது. ஆகவே அடுத்தவர் சுழியைப் பார்ப்பதிலேயே நாட்டின் பொழுது போயிற்று.

ஒற்றைச் சுழிப் பிள்ளைகளுக்குக் கல் கட்டடத்தில் பள்ளி. இரட்டைச் சுழிப் பிள்ளைகளுக்கு அதன் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டகை. "இருவருக்கும் சமக் கல்வி" என்று மன்னர் ஆணையிட்டார். கல்வி அமைச்சர் மகிமைநாதர் அதை நிறைவேற்றிய அழகே அழகு. வாத்தியார் கட்டடத்துக்குள் நிற்பார், அவர் குரல் சன்னல் வழியாகக் கொட்டகைக்குப் போகும். கொட்டகையிலிருந்து பதில் முந்திக்கொண்டு வரவே, சன்னலைச் சாத்தச் சொல்லி அடுத்த ஆணை வந்தது. பிள்ளைகள் சுவரில் காதை வைத்துக் கேட்டார்கள். உடனே சுவர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

காத்தாயி என்பவளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அவள் மகள் அஞ்சலைக்கு இரட்டைச் சுழி, படிப்பென்றால் உயிர். காத்தாயி அரண்மனை வாசலில் போய் உட்கார்ந்தாள்.

"எம் புள்ள தலைக்கு மேல என்ன இருக்குன்னு எண்ணுறீங்களே, உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தராவது பாத்தீங்களா?"

அவள் பின்னால் இரட்டைச் சுழிக்காரர்கள் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்தார்கள். சமைப்பவர், துவைப்பவர், பல்லக்குத் தூக்குபவர் எல்லாரும் அவர்கள்தானே. பசியோடு நடந்தே போக வேண்டிவந்த மன்னர், மெல்ல இறங்கி வந்தார்.

இரட்டைச் சுழிப் பிள்ளைகளும் கல் பள்ளியில் படிக்கலாம், ஆனால் முதல் நாள் மணியடிப்பதற்குள் அவர்களில் ஒருவருக்காவது பெஞ்சில் இடம் கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் இந்தச் சட்டம் செல்லாது என்றது புதிய ஆணை. மகிமைநாதர் ஒற்றைச் சுழிப் பிள்ளைகளைக் காலை அகட்டி, பையைப் பரப்பி உட்காரவைத்தார்.

"நம் பண்பாட்டைக் காக்கும் மகத்தான பொறுப்பு இன்று உங்கள் பின்புறங்களிடம் ஒப்படைக்கப்படுகிறது" என்றார்.

அஞ்சலை முதல் ஆளாக உள்ளே வந்தாள். வெளியே ஊரே வாசலை அடைத்துக்கொண்டு எக்கிப் பார்த்தது. முதல் பெஞ்சில் இடமில்லை. இரண்டாவதிலும் இல்லை. அஞ்சலை ஒவ்வொரு பெஞ்சாக நின்று நின்று நகர்ந்தாள். சொல்லும்போதே எனக்கு நெஞ்சு படபடக்கிறது. கடைசி பெஞ்சின் ஓரத்தில் கோமளவல்லி என்ற ஒற்றைச் சுழிப் பெண் இருந்தாள். அவளை ஒட்டினாற்போல அஞ்சலை நின்றாள். மணியடிப்பவன் கயிற்றைப் பிடித்துவிட்டான்.

அஞ்சலையின் பாவாடை கோமளவல்லியின் தோளில் உரசியது. ஓரமாக நின்ற மகிமைநாதர் அதைப் பார்த்துவிட்டார். பதற்றத்தில் அவருடைய செந்தமிழ் பறந்துபோயிற்று.

"ஏம்மா கோமளம், அவ மேல படுதுல்ல? தள்ளி உக்காரு."

கோமளவல்லி சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நன்றாகத் தள்ளி உட்கார்ந்தாள்.

"உக்காருடி" என்றாள்.

அஞ்சலை உட்கார்ந்தாள். மணி அடித்தது. வாசலில் எழுந்த ஆரவாரத்தில் ஓட்டிலிருந்த புறாக்கள் அத்தனையும் பறந்தன. காத்தாயி பக்கத்தில் நின்றவர்களையெல்லாம் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

மாலையில் மன்னர் கேட்டார்: "அமைச்சரே, நம் பிள்ளைகள் தள்ளித்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்?"

மகிமைநாதர் பதவியை நினைத்துக்கொண்டார். "ஆம் மன்னா. தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்."

மன்னர் மகிழ்ந்துபோனார். நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் ஒற்றைச் சுழிப் பிள்ளைகள் தள்ளியே உட்கார வேண்டும் என்று அன்றே தண்டோரா போடச் சொன்னார். மறுநாள் காலையில் ஊர் ஊராக இரட்டைச் சுழிப் பிள்ளைகள் தலை வாரிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினார்கள். உள்ளே இருந்த பிள்ளைகள் அரசாணைக்குக் கட்டுப்பட்டு, பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து இடம் விட்டார்கள்.