டிக்கியிலுள்ள ஆம்ப்ளிஃபயரைக் கழற்றுவது சம்பந்தமாக

ஏலாக்குறிச்சி,
புதன்கிழமை.

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை டேவிட்ராஜ் அவர்களுக்கு, மாமா அருளானந்தம் எழுதிக்கொள்வது. அடைக்கல அன்னையின் தயவால் நாங்கள் இருவரும் சுகம். அத்தை அமலோற்பவத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும் அரியலூரில் டயாலிசிஸ் தவறாமல் நடக்கிறது. மகள் ஜெனிதாவும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். காரைப் பற்றித்தான் அப்படி எழுத முடியவில்லை.

போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், பாட்டுக் கேட்டால் அத்தைக்கு மனசு லேசாகும் என்று நீங்கள் ஸ்டீரியோவும் நான்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கி அனுப்பினீர்கள். அதைத் திருமானூரில் கடை வைத்திருக்கும் அறிவரசன் என்பவரிடம் கொடுத்து மாட்டினேன். மாட்டிய அன்று ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பாட்டுக்குப் பின்னால் ஊ என்று ஒரு சத்தம் ஏறியது. அத்தை ஜன்னலை இறக்கிவிட்டு வெளியே பார்த்து, யார் வீட்டில் துக்கம் என்று கேட்டாள். திரும்பிப் போனதில், ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயரைப் பெயிண்டின் மேலேயே முடுக்கியிருப்பது தெரிந்தது. சுரண்டி, வெறும் இரும்பில் முடுக்கியதும் ஊ நின்றது. ஆனால் பாடுகிறவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. ஒரு ஸ்பீக்கரில் பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போனதாம். ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றொன்று பின்னால் இழுக்க, இரண்டும் சேர்ந்து ஒன்றும் இல்லாமல் ஆகிவிடுமாம். அதையும் மாற்றினார். மறுநாளிலிருந்து ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்தது, பாட்டு வரவில்லை. கதவிலுள்ள ஸ்பீக்கருக்குப் போகும் வயர் நசுங்கித் தகரத்தில் படுகிறது, பட்டால் ஆம்ப்ளிஃபயர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொள்ளும் என்றார். டேப் சுற்றிக் கொடுத்தார். அந்த டேப்பை நம்பித்தான் போன வெள்ளிக்கிழமை அரியலூர் போனேன்.

வழியெல்லாம் சிவப்பு விளக்குதான், சத்தத்தை முழுதாகக் கூட்டியும் பாட்டு வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அத்தையை இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாத்திய வேகத்தில் வயர் விலகி, ஆம்ப்ளிஃபயர் உயிர் பெற்றுவிட்டது. நாலு ஸ்பீக்கரிலும் முழுச் சத்தத்தில் குத்துப்பாட்டு. ஜெனிதா பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்த மாதா பாட்டுகளுக்கு நடுவே அது எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. எதிரே பத்தடி தூரத்தில் ஒரு பெரியவரின் உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் பட்டனை அழுத்தினேன், வேறொரு குத்துப்பாட்டு வந்தது. சாவியை உருவினேன், அப்போதும் பாடியது. சாவியோடு அணைய வேண்டிய வயரை அறிவரசன் நேராகப் பேட்டரியில் கொடுத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. வேறு வழி தெரியாமல் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பி நின்றேன். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

கூட்டத்திலிருந்து ஒருவர் என்னை நோக்கி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் இறந்தவரின் மூத்த மகன், கொளஞ்சி என்று பெயர். பானெட்டைத் தூக்கச் சொல்லி, தன் வண்டியிலிருந்து ஸ்பேனர் எடுத்து வந்து பேட்டரி வயரைக் கழற்றினார். பாட்டு நின்றது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"பரவால்லங்க. எங்கப்பாவுக்குப் பாட்டுன்னா உசுரு. கேட்டுட்டுப் போனாருன்னு வச்சிக்கறோம்," என்றார்.

மாலை நாலு மணிக்கு உடலெடுப்பு என்று கேள்விப்பட்டு, அத்தையைப் படுக்கையில் விட்டுவிட்டு, அவர்கள் ஊரான ரெட்டிபாளையம் போய் மாலை போட்டு வந்தேன். முன்பின் தெரியாத வீட்டில் என்னை யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதோடு விட்டதா என்றால் இல்லை. நேற்று செவ்வாய்க்கிழமை காலையில் கார் கிளம்பவில்லை. வீடு வருவதற்காகப் பேட்டரி வயரைத் திரும்ப மாட்டியதில், பாடாவிட்டாலும் ஆம்ப்ளிஃபயர் அணையாமல் கிடந்து நாலு நாளில் பேட்டரியைக் குடித்துவிட்டது. அத்தையை டவுன் பஸ்ஸில் அழைத்துப் போனேன். வரும்போது கீழப்பழுவூரில் தலை சுற்றுகிறது என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. ஆகவே மாப்பிள்ளை தவறாக நினைக்காமல் வரும் ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூடிரைவருடன் நேரில் வந்து, அத்தைக்கு ஒழுங்காகப் பாட்டுக் கேட்கும்படி செய்து தரவும். அது முடியாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஜெனிதாவுக்கும் உங்களுக்கும் எங்கள் ஆசி. மாதா உங்கள் பயணங்களைக் காப்பாளாக.

இப்படிக்கு,
மாமா அருளானந்தம்.

பின்குறிப்பு: வெள்ளி மாலை. நேற்று ஜெனிதாவுக்கு இரண்டு வரி எழுத அத்தை இந்தக் கடிதத்தை வாங்கினாள். முழுவதும் படித்துவிட்டு, "எனக்கு மொதல்லேருந்தே பாட்டு வேணாங்க. மாப்ள ஆசையா அனுப்புனாரு, நீங்க ஆசையா மாட்டுனீங்க, அதான் சொல்லல. அங்க படுத்தா நாலு மணி நேரம் மெஷின் சத்தம். வண்டியில ஏறுனா நீங்க எதாச்சும் பேசிக்கிட்டு வாங்க, அது போதும்," என்றாள். ஆகவே ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். ஃப்யூஸை நானே பிடுங்கிவிட்டு, பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றி வாங்கிவிட்டேன். இன்று பேசிக்கொண்டே காரை ஓட்டினேன். முப்பத்தோரு வருடம் சிமெண்ட் ஆலை எடைமேடையில் லாரி நம்பரைத் தவிர வேறெதுவும் பேசாதவன்; திருமானூர் வருவதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. அங்கிருந்து அரியலூர் வரை அவளிடம் என்ன பேசலாம் என்று மாப்பிள்ளை யோசித்து, செவ்வாய்க்கிழமைக்குள் எழுதி அனுப்பவும்.