நல்லம்மாவின் தூளும் துரை வீட்டுப் பூனையும்

அடுப்பில் இரண்டு சட்டிகள் கொதித்துக்கொண்டிருந்தன. ஒன்றில் மரவள்ளிக்கிழங்கு, அது கிராணி குலசேகரத்துக்கும் அவர் மனைவி நல்லம்மாவுக்கும். மற்றதில் வெள்ளை அரிசிச் சோறு, அது பூனைக்கு.

"மணக்குது," என்றார் குலசேகரம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சோறெண்டால் மணக்கும்தானே," என்றாள் நல்லம்மா, பூனையின் தட்டில் சோற்றைப் போட்டு விசிறியபடி.

"எனக்கு முன்னால விசிறாதையும்! எனக்கு ஒரு நாளாவது இப்பிடி ஆறவைச்சுத் தந்தனீரே?"

"சுடச்சுட வைச்சால் பூனைக்கு நாக்குச் சுட்டுப்போடும். நாக்குச் சுட்டால் துரை உங்களைச் சுட்டுப்போடுவான்."

ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்த நாளிலிருந்தே குலசேகரம் கோபத்தில்தான் இருந்தார். வேலைக்குப் போகிற வழியில், சுங்கை பினாங் பாலத்தடியில் ஒரு காவற்சிப்பாய் நின்றான். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவனுக்குக் குனிந்து வணக்கம் செய்ய வேண்டும். குலசேகரம் குனிந்தார். போதாது என்று ஓர் அறை விழுந்தது. மறுநாள் நன்றாகக் குனிந்தார். கேலி செய்கிறாயா என்று இன்னொன்று விழுந்தது. எவ்வளவு குனிவது என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை, கன்னம்தான் பழகிக்கொண்டது.

அந்தக் கோபத்தின் மேல்தான் இந்தப் பூனை வந்து உட்கார்ந்தது.

அவர் கிராணியாகக் கணக்கெழுதிய ஆபீசுக்கு மொரிதா என்ற ஜப்பானியத் துரை தலைவனாக இருந்தான். ஒரு மத்தியானம் அவன் குலசேகரத்தின் சாப்பாட்டுப் பெட்டியைக் கடந்து போனவன், நின்று தும்மினான். உள்ளே கிழங்குதான். ஆனால் நல்லம்மா அதில் ஒரு சிட்டிகை கறித்தூள் பிரட்டியிருந்தாள். சண்டைக்கு முன்பு, யாழ்ப்பாணத்து முறைப்படி வறுத்து இடித்து, போத்தலில் அடைத்து, கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்த தூள்.

"உன் வீட்டில் என்ன என்ன போட்டுச் சமைக்கிறீர்கள்?" என்று துரை அரைகுறை மலாயில் கேட்டான்.

குலசேகரத்துக்குப் பெருமை தாங்கவில்லை. செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், உள்ளிப்பூண்டு, வெங்காயம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். துரை ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தான். மிளகாயை மட்டும் மறுபடியும் சொல்லச் சொன்னான். பிறகு சிரித்தான். அவன் சிரித்து ஆபீசில் யாரும் பார்த்ததில்லை. பியூன் பயந்து வெளியே போய்விட்டான்.

மறுநாளே பூனை வந்தது. ஒரு கறுப்பு மயிரும் இல்லாத வெள்ளைவெளேர்ப் பூனை. துரை தானே அதைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்தது. மூக்கை உறிஞ்சினான்.

"நான் வெளியூர் போகிறேன். திரும்பும்வரை உன் வீட்டில் இருக்கட்டும். நீங்கள் சாப்பிடுவதையே கொடு," என்று சொல்லிக் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான். பூனையின் பங்காக அரிசியும் கருவாடும் ராணுவக் கிடங்கிலிருந்து வீட்டுக்கு வந்தன.

"பார்த்தீரே, பூனையைப் பிரியிறதுக்கு அழுகிறான்!" என்று குலசேகரம் வீட்டுக்கு வந்து குதித்தார். "ஊர்ச் சனமெல்லாம் அழேக்க இவனுக்குக் கண் கலங்கினதே? இந்தப் பூனைக்கு ஏதும் நடந்தால் என்ர தலை இராது, நல்லம்மா!"

கூடையை இறக்கிவைத்த துரையின் காரோட்டி சிக்கந்தர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான்.

"என்ன தம்பி?" என்றாள் நல்லம்மா.

"ஒண்ணுமில்லக்கா. நான் எதுவும் சொல்லமாட்டேன்லா. எனக்கும் கழுத்து ஒண்ணுதான் இருக்கு," என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கோபம் மனிதனுக்குப் புத்தியைத் தீட்டும் என்பார்கள். குலசேகரத்துக்கும் தீட்டியது.

"இஞ்சை கேளும். பூனையின்ர சோத்தை நாங்கள் எடுத்தால் அது களவு. பூனை தின்னாமல் மிச்சம் விட்டால், அதை எடுக்கிறது துப்புரவு."

"அது மிச்சம் விடாதே. தட்டையும் எல்லோ நக்குது."

"விடப்பண்ணுவம். கருவாட்டில உம்மட தூளைப் போட்டுக் குழம்பு வையும். ஒருக்கால் மணந்துபோட்டு ஓடும். பிறகு சோறும் குழம்பும் எங்களுக்கு. 'நீங்கள் சாப்பிடுறதையே குடு' எண்டு துரையே சொன்னவன்!"

நல்லம்மா மனசில்லாமல் போத்தலைத் திறந்தாள். குழம்பு கொதித்ததும் குலசேகரம் கையைக் கழுவிக்கொண்டு, இலையையும் விரித்துப் பூனைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பூனை மணந்து பார்த்தது. தும்மியது. குலசேகரம் இலையில் தண்ணீர் தெளித்தார். பூனை இன்னொரு தரம் தும்மிவிட்டு, குழம்பில் முகத்தைப் புதைத்தது. தட்டு துப்புரவானது. மீசையில் ஒட்டியிருந்ததையும் வழித்துத் தின்றுவிட்டு, அண்ணாந்து நல்லம்மாவைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்பதுபோல் கத்தியது.

"பாவம், ருசி தெரிஞ்ச பூனை," என்றாள் நல்லம்மா.

"பாவமோ? நான் இலை போட்டுக்கொண்டு இருக்கிறன், அது பாவமோ?"

அன்றிலிருந்து பூனை வெறும் கருவாட்டைத் தொட மறுத்தது. குழம்பு இல்லாவிட்டால் பட்டினி கிடந்தது. துரையின் பூனை இளைத்தால் யார் தலை போகும்? ஆகவே குழம்பு வைத்தே ஆகவேண்டியிருந்தது. போத்தலில் தூள் இறங்கிக்கொண்டே வந்தது. குலசேகரத்தின் கிழங்குக்கு உப்புதான்.

"தூள் காணாது எண்டபடியால்தான் தின்னுது," என்று ஒரு நாள் உறுமினார். "வெங்காயமும் உள்ளியும் வதக்கிப் போடும். அந்தக் காட்டம் தாங்காது."

ஒளித்து வைத்திருந்த கடைசி வெங்காயங்களை நல்லம்மா கண்ணீரோடு அரிந்தாள். வெங்காயத்தால் வந்த கண்ணீர் பாதி, வெங்காயத்துக்காக வந்தது மீதி. பூனை அதையும் தின்றது. அடுத்த நாளும் தின்றது. அதற்குப் பிறகு தின்னவில்லை. மூலையில் சுருண்டு படுத்து, வாயில் நீர் வடிய, மூச்சு வாங்கியது.

குலசேகரத்துக்கும் மூச்சு வாங்கியது. அடுத்த வீட்டில் இருந்த பரமநாதன், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை இழுத்துக்கொண்டு வந்தார். பரமநாதன் பூனையின் வாயைத் திறந்து பார்த்தார்.

"ஈறு வெளிறிப்போச்சு. ரத்தம் இல்லை. என்ன குடுத்தனீங்கள்?"

"நாங்கள் தின்னாததெல்லாம் குடுத்தனாங்கள்!" என்று கத்தினார் குலசேகரம்.

நல்லம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். பரமநாதன் யோசித்தார்.

"மஞ்சள், மல்லி, சீரகம் கொஞ்சம் போனால் ஒண்டும் செய்யாது. மிளகாய் வயித்தை எரிக்கும். வெங்காயத்திலும் உள்ளியிலும்தான் எனக்குச் சந்தேகம்."

"வெங்காயமோ?" நல்லம்மாவுக்கு ரோஷம் வந்தது. "வெங்காயம் தின்னு ஆர் செத்தது?"

"எத்தனையோ வருசம் நோயாளியளைப் பார்த்தனான். ஒருத்தரும் வெங்காயத்தால சாகேல்லை. ஆனால் அதில ஒருத்தரும் பூனையுமில்லை."

"மருந்தைச் சொல்லும் காணும்!" என்றார் குலசேகரம்.

"மருந்தெல்லாம் ஜப்பான்காரன் எடுத்திட்டான். மல்லித்தண்ணி பருக்குங்கோ. முதுகில மஞ்சள் பற்றுப் போடுங்கோ."

"தூளால வந்த வருத்தத்துக்கு மஞ்சளும் மல்லியுமே மருந்து?"

"எங்கட வீட்டில வேற என்ன இருக்குது?" என்றாள் நல்லம்மா.

மஞ்சளை அரைத்து, ரொட்டி தட்டுவதுபோல் பூனையின் முதுகில் வட்டமாகத் தட்டினாள். குலசேகரம் மல்லித்தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊட்டினார். "குடி, சனியனே! நீ செத்தால் நானும் சாகவேணும். குடி, ராசா!" வெங்காயம் தீர்ந்துபோயிருந்தது, வாங்கக் கடையிலும் இல்லை. அதனாலோ, மல்லித்தண்ணீராலோ, வசவாலோ, பூனை மெல்லத் தலை தூக்கியது. பிறகு வெறுஞ்சோறு தின்றது. ஒரு விடியற்காலையில் குலசேகரத்தின் கிழங்கையும் தின்றது. அன்று அவர் கோபப்படவில்லை. அதை நல்லம்மா அக்கம்பக்கத்தில் எல்லாம் போய்ச் சொன்னாள்.

அப்படி அவள் சொல்லப் போயிருந்த நேரத்தில்தான் துரை திரும்பிவிட்டான் என்று செய்தி வந்தது. குலசேகரம் பூனையைத் தூக்கினார். வெள்ளை முதுகில் மஞ்சள் வட்டம். காய்ந்த பற்றை உதிர்த்தார், நிறம் உதிரவில்லை. செம்பனை எண்ணெயும் சாம்பல் காரமும் சேர்த்துக் காய்ச்சிய சண்டைக்காலச் சவர்க்காரக் கட்டியை எடுத்து, பூனையின் முதுகில் தேய்தேயென்று தேய்த்தார்.

மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் என்ன ஆகும் என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும். குலசேகரம் பெண்ணில்லை.

நல்லம்மா உள்ளே வந்தபோது அவர் கையில் சவர்க்காரத்தோடு சிலையாக நின்றார். பூனையின் முதுகில், வெள்ளை நடுவே, இரத்தச் சிவப்பில் ஒரு வட்டம்.

"ஐயோ! மஞ்சளில சவர்க்காரம் போட்டனீங்களே?"

"போட்டால் சிவக்கும் எண்டு எனக்கு ஆர் சொன்னது?"

"குங்குமம் மரத்திலயோ காய்க்குது?"

வாசலில் ஹார்ன் அடித்தது. சிக்கந்தர் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"யா அல்லா! பூனை மேல ஜப்பான் கொடிய ஏத்திட்டீங்களா, கிராணி ஐயா?"

"வாயை மூடு! காரை எடு!"

பாலத்தடியில் கார் நின்றது. காவற்சிப்பாய் ஜன்னல் வழியே குனிந்து பார்த்தான். குலசேகரம் பழக்கத்தில் கன்னத்தைக் காட்டினார். சிப்பாயின் கண் அவர் மடிக்குப் போனது. வெள்ளைத் துணியில் சிவப்புச் சூரியன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சிப்பாய் குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்தான். பிறகு இடுப்புவரை வளைந்து பூனைக்கு வணக்கம் செய்தான். பூனை கொட்டாவி விட்டது.

"எனக்கு அறை! பூனைக்கு வணக்கம்!" கார் நகர்ந்ததும் குலசேகரம் வெடித்தார். "இந்தச் சண்டை முடியட்டும் சிக்கந்தர், முடியட்டும்!"

ஆபீசில் துரையைச் சுற்றிச் சிப்பாய்கள் நின்றார்கள். பூனையைக் கண்டதும் மொரிதாவின் முகம் சாவு வீடுபோல் ஆனது. பாசம், என்று நினைத்துக்கொண்டார் குலசேகரம். பூனை தாவி மேசையில் ஏறி முதுகைக் காட்டியது. சிப்பாய்கள் எல்லாரும் படக்கென்று குனிந்தார்கள். அத்தனை பேர் குனியும்போது துரை மட்டும் நிமிர்ந்து நிற்க முடியுமா? அவனும் குனிந்தான். குனிந்த இடத்தில் பூனையின் வால் மூக்கில் பட்டது. மேசை அதிரத் தும்மினான்.

கொடியை அவமதித்த குற்றம் தன் தலையில் விழுமுன் குலசேகரம் மலாயில் பொரிந்து தள்ளினார். "துரை, இதற்குக் கடுமையான வருத்தம் வந்தது. சாகக் கிடந்தது."

துரையின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்படியா?"

"வெங்காயத்தால் வந்தது. கண்டுபிடித்து நிறுத்திவிட்டேன். இராப்பகல் பாராமல் காப்பாற்றிவிட்டேன்!"

பாலத்தடி அறைகளெல்லாம் செல்லத்தட்டு என்று தோன்றும்படி ஓர் அறை விழுந்தது. துரை சிக்கந்தரைக் கூப்பிட்டு ஏதோ உறுமிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு போனான்.

குலசேகரம் காரில் வந்து உட்கார்ந்தார். காது இன்னும் இரைந்தது. சிக்கந்தர் பூனையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தான். அடுத்து ஒரு சாக்கைத் தூக்கி அவர் காலடியில் போட்டான். சாக்கு நிறைய வெங்காயம்.

"திரும்பவும் நானே வளர்க்க வேணும்? என்னத்துக்கடா அறைஞ்சவன்? கொடியாலதானே?"

சிக்கந்தர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காரைக் கிளப்பினான்.

"கொடிக்குத்தான் அவரும் குனிஞ்சாரே, கிராணி ஐயா. இது இவருக்கு மேல இருக்கிற கர்னல் பார்த்துக்கச் சொல்லிக் குடுத்த பூனை; கிட்ட வந்தாலே இவருக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகும். தன் கையால கொன்னா தலை போயிடும்னு, உங்க வீட்டுக் கறிய நம்பித்தான் அனுப்பினாரு."