பெருச்சாளிக்குப் பாத்தி கட்டியவள்

காலையில் பின்கதவைத் திறந்ததும் தையலக்காவின் காலில் தட்டுப்பட்டது ஒரு சர்க்கரைவள்ளிக் கொடி. குனிந்து எடுத்துப் பார்த்தாள். இலை இருந்தது, தண்டு இருந்தது. கிழங்காகப் போகிற வேர் இருந்த இடத்தில் பல் தடம் மட்டும் இருந்தது.

"பெருச்சாளி," என்றார் அவள் கணவர், வாய் நிறையப் பற்பசை நுரையோடு. அவர் பேருந்து ஓட்டுநர். எதையும் ஒரு பார்வையில் ஓரம்கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பவர்.

அவளால் அப்படிப் போக முடியவில்லை. போன வாரம்தான் அந்தப் பாத்தியை வைத்து ஊரறியச் சவால் விட்டிருந்தாள்.

அந்தக் கட்டடத்தில் ஆறு வீடு. பின்பக்கம் ஒரு கார் நிற்கிற அளவுக்கு மண்தரை, சரியாக அவளுடைய தையல் மெஷினுக்கு எதிர்ச் சன்னலின் அடியில். சமையலறைக் கூடையில் முளைவிட்டுப் போன கிழங்குகளை அங்கே புதைத்து வைத்தாள், கொடி வந்தது. விவசாயத்தில் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்ற ஐந்து வீட்டுக்கு அதுவும் தெரியாது.

காலையிலிருந்து இருட்டும்வரை அடுத்தவர் அளவுக்கே வெட்டி, அடுத்தவர் அளவுக்கே தைப்பவள் அவள். யார் அளவுக்கும் அடங்காமல் தன்பாட்டுக்கு ஓடுகிற அந்தக் கொடியை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அந்த இடத்தில்தான் தன் காரை நிறுத்தப் போவதாகக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மொட்டைமாடிக் கூட்டத்தில் சொன்னார். சிமெண்ட் போட்டு வழவழவென்று ஆக்கிவிடலாமாம்.

தையலக்கா எழுந்தாள். "மழை முடியறதுக்குள்ள வீட்டுக்கு ஒரு கை கிழங்கு தர்றேன். தரலைன்னா சிமெண்ட்டை நானே குழைச்சுத் தர்றேன்."

செயலாளர் சிரித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாளே லாரியில் மணல் வந்து, பாத்திக்குப் பக்கத்தில், அவர் வீட்டுக் குளியலறைச் சுவரோரமாக மலைபோல இறங்கியது. பாதி மண், பாதி மணல். கொத்தனார் முகம் சுளித்தார், செயலாளர் கண்டுகொள்ளவில்லை. மழை முடியும்வரை அந்த மணல் எதற்கு என்று ஓட்டுநர் கேட்டார். தன்னைக் கடுப்பேற்றத்தான் என்று தையலக்காவுக்குப் புரிந்துவிட்டது.

இப்போது பெருச்சாளி வேறு. அவள் கையிலிருந்த கொடியை அந்த மணல்மேட்டின் மேலேயே விட்டெறிந்தாள். வேர் போன கொடி குப்பை. குப்பையைச் செயலாளரின் மணலில் போடுவதில் ஒரு சின்ன சந்தோஷம்.

முதலில் வேலி. கம்பி வலைக்கெல்லாம் அவள் போகவில்லை. கையில் தொழில் இருக்கிறதே. மிச்சம் மீதி லைனிங் துணிகளை மூன்று மடிப்பாகச் சேர்த்து, இரட்டைத் தையல் போட்டு, பாத்தியைச் சுற்றிக் கட்டினாள். ஓரம்கூட மடித்து அடித்திருந்தாள். கட்டடமே வந்து பார்த்துவிட்டுப் போனது.

பெருச்சாளியும் பார்த்தது. இரண்டே நாளில் வேலியைக் கிழித்து வளைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. வளை வாசலில் ஒரு துண்டு எட்டிப் பார்த்தது. இழுத்தால், மேல்மாடி டீச்சர் தைக்கக் கொடுத்த பட்டு ரவிக்கையின் கை. அவசரத்தில் அதையும் சேர்த்துத் தைத்துவிட்டிருக்கிறாள்.

"குட்டி போடப் போகுது போல," என்றார் ஓட்டுநர். "படுக்கை விரிச்சுக் கொடுத்திருக்கே."

டீச்சரிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. பெருச்சாளி பிடுங்கிப் போட்ட கொடிகள் மட்டும் தவறாமல் மணல்மேட்டுக்குப் போயின.

அடுத்து மிளகாய்த்தூள். பாத்தியைச் சுற்றிக் கோடுபோலத் தூவினாள். தூவி முடித்ததும் காற்று திரும்பியது. பெருச்சாளி தும்மியதா என்று யாரும் பார்க்கவில்லை. ஆறு வீடும் தும்மியது எல்லோருக்கும் தெரியும். செயலாளர் அன்று அலுவலகத்துக்கே போகாமல் கண்ணில் ஈரத்துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணியோடேயே வந்து அவள் கதவைத் தட்டினார்.

"பேசாம விட்டுடுங்க தையலக்கா. உங்களால முடியாது."

முடியாது என்ற வார்த்தையை அவளிடம் அவள் மாமியாரே சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோயிருந்தார். அவள் உள்ளே போய் ரப்பர் குழாயை எடுத்து வந்தாள்.

வளைக்குள் குழாயைச் செருகித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். தண்ணீர் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. மேல்தொட்டி காலியாகிற நேரத்தில் கட்டடத்தின் முன்பக்கத்திலிருந்து ஓர் அலறல். வளையின் மறுவாசல் செயலாளரின் வீட்டு வாசல்படிக்குக் கீழே திறந்திருக்கிறது. அவருடைய செருப்புகள் மிதந்தன. ஒரு ஷூவுக்குள் நனைந்த பெருச்சாளி ஒன்று, அதுவும் அவரைப் பார்த்து மிரண்டுபோய், உட்கார்ந்திருந்தது.

அன்று முழுக்க ஆறு வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. டீச்சர் பேசுவதையே நிறுத்தினாள். பெருச்சாளிகளோ வெள்ளம் வடிந்ததும் மேட்டுநிலமாகப் பார்த்துக் குடிபெயர்ந்தன. பாத்தியின் நட்டநடுவே புது வாசல் திறந்தது.

"விட்டுடலாம்மா," என்றார் ஓட்டுநர், இந்த முறை கொஞ்சம் நிஜமான அக்கறையோடு. "கடையில வாங்கி வீட்டுக்கு ஒரு கை கொடுத்துடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

கடைசியாகப் பூனைப் படை. மீன்கடைக்காரரிடம் தலைகளைக் கேட்டு வாங்கி வந்து, தினமும் பாத்தி ஓரத்தில் வைத்தாள். ஒரு பூனை வந்தது. அது போய்த் தன் சுற்றத்தாரைக் கூட்டி வந்தது. கறுப்பு, வெள்ளை, ஒற்றைக்கண், வால் இல்லாதது என்று தெருவிலிருந்த அத்தனையும் வந்து மீன்தலையைத் தின்று, மீசையைத் துடைத்துக்கொண்டு, பாத்தியை ஏறிட்டும் பார்க்காமல் மணல்மேட்டில் ஏறிப் படுத்தன. அங்கேதான் மெத்தென்று இருந்ததாம்.

"சம்பளம் நீ கொடுக்கறே. காவல் அவருக்குக் காக்குது," என்றார் ஓட்டுநர்.

செயலாளருக்கு வாயெல்லாம் பல். மணலை யாரும் திருடாமல் பூனை பார்த்துக்கொள்கிறது என்று மாடிப்படியில் நின்று எல்லோரிடமும் சொன்னார். மேட்டின் மேல் பச்சையாக ஏதோ படர்ந்ததையும் அவர் பிடுங்கவில்லை. பச்சை போர்த்திக்கொண்டால் மணல் காற்றில் பறக்காது என்பது அவர் கண்டுபிடிப்பு. குளியலறைச் சுவரோரக் குழாய்க் கசிவை அடைக்கச் சொல்லி மனைவி கேட்டபோதும், எல்லாம் சிமெண்ட் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டார்.

தையலக்கா அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள். பூனைகள் சொகுசாகக் காலை நீட்டிக் கிடப்பதைக் கண்டால் அவளுக்கு வயிறு எரிந்தது. பாத்தியில் மிஞ்சிய இரண்டு கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். பிடுங்கினதை வீசினாள், மிஞ்சினதற்கு மண் அணைத்தாள். தோற்றாலும் நின்றுகொண்டே தோற்க வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

மழை முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செயலாளர் சிமெண்ட் மூட்டைகளோடும் கொத்தனாரோடும் வந்து நின்றார். ஆறு வீடும் பின்பக்கம் கூடியது. டீச்சர்கூட வந்திருந்தாள், கை போன ரவிக்கையை மறக்காத முகத்தோடு.

தையலக்கா பாத்தியில் இறங்கித் தோண்டினாள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தோண்டினாள். கட்டைவிரல் பருமனில் ஒரே ஒரு கிழங்கு வந்தது. அதிலும் ஒரு கடி.

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். ஓட்டுநர் பக்கத்தில் வந்து, "வா, வீட்டுக்குப் போகலாம்" என்று மெதுவாகச் சொன்னார். அவளுக்கு அழுகை வந்தது. செயலாளர் முன்னால் அழுவதாவது.

அந்தக் கிழங்கை மண் துடைத்துச் செயலாளரின் கையில் வைத்தாள். "ஒரு வீட்டுக்குக் கொடுத்தாச்சு. நாலு வீட்டுக்குக் கடன். அடுத்த வருஷம் மாடியில தொட்டி வெச்சுத் தர்றேன்."

"அது அப்புறம் பார்க்கலாம்," என்றார் செயலாளர் பெருந்தன்மையாக. "இப்போ சிமெண்ட்டு?"

"சொன்னேன்ல, நானே குழைக்கறேன்னு." புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொத்தனாரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "மணலைக் கொண்டாங்க."

கொத்தனார் பூனைகளை விரட்டிவிட்டு மணல்மேட்டில் மண்வெட்டியைப் போட்டார். எடுத்தார். வேறு இடத்தில் போட்டார். மறுபடி வேறு இடம். குனிந்து கையால் துழாவியவர், அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இதுல மணலை எங்கன்னு தேடறது? உள்ள பூரா தொடை தொடையாச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு இருக்கு, வீட்டுக்கு ஒரு சாக்கு கொண்டாரச் சொல்லுங்க."