மதாமுக்கு மஞ்சள் தடவிய எலி

பெண் கேட்டுப் போகிற இடத்தில் ஆண்பிள்ளை வாயை அளவோடு திறப்பது நல்லது. எனக்கு அந்த வயதில் வாயைத் தவிர வேறு சொத்து கிடையாது. "நீங்க என்ன வேலை குடுத்தாலும் செய்வேங்க" என்று சொல்லிவிட்டேன். பெண்ணின் அப்பா தோட்டத்தைக் கொத்தச் சொல்வார், மிஞ்சிப் போனால் கிணற்றைத் தூர்வாரச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தார். மூடியைத் திறந்தால் மலைப்பாம்பு.

அவர் பெயர் தனிஸ்லாஸ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் காரைக்காலில் எல்லாருக்கும் அவர் சொல்தா. (பட்டாளத்துக்காரரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.) மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பும்போது மற்ற சொல்தாக்கள் கடிகாரமும் சென்ட்டும் கொண்டுவந்தார்கள். இவர் பூட்ஸ் வைக்கிற சப்பாத்துப் பெட்டியில் ஒரு பாம்புக் குட்டியைக் கொண்டுவந்தார். நான் பார்த்தபோது அது மூன்று முழம் இருக்கும். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்து மாதிரி சுருண்டுவிடும் சாதி. பெயர் மதாம், பிரெஞ்சில் சீமாட்டி என்று அர்த்தம். அந்த வீட்டில் மதாமை 'அது' என்று சொல்லக்கூடாது.

அவருடைய மகள் ஜெசிந்தா, மாதா கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்க நான் புரூஃப் பார்த்த அச்சகத்துக்கு வந்தவள். நோட்டீஸில் நான் விட்ட பிழைகளைக் காட்டித் திட்டியவள். அப்படித்தான் பழக்கம். திட்டுவதற்கென்றே அவள் அடிக்கடி வர ஆரம்பித்ததும் நான் தைரியமாகப் பெண் கேட்டுப் போனேன்.

"கண்ணுல பொறை விழுந்திருக்கு தம்பி. ஆப்பரேசனுக்கு நானும் வீட்டுக்காரியும் பாண்டிச்சேரி போறோம்," என்றார் சொல்தா. "மதாம உன் வீட்டுல வச்சுப் பாத்துக்க. நான் திரும்பி வர்றதுக்குள்ள அவ ஒரு எலியாவது சாப்பிட்டிருக்கணும். ஒரு சீவனுக்குச் சோறு போடத் தெரியாதவனுக்கு எப்படிப் பொண்ணக் குடுக்கிறது?"

பிறகு முறையைச் சொன்னார். அறுவடை முடிந்ததும் நெடுங்காட்டு வயல்களில் பொறி வைத்துப் பிடித்த எலிகளை வாங்கி, கொன்று, ஐஸ்பெட்டியில் உறையவைத்திருந்தார். உயிரோடு போட்டால் எலி மதாமைக் கடித்துவிடுமாம். உறைந்த எலியை உருகவைத்து... அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. அந்த நேரம் பார்த்து ஜெசிந்தா காபி கொண்டுவந்தாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

நான் கிளம்பும்போது அவர் மகளிடம், "நீ இவனுக்கு ஒரு வார்த்த சொல்லித் தரக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். அவளுடைய சின்னம்மா துணைக்கு இருந்தார். எலி கேட்டு நான் போனால், சின்னம்மா ஜன்னலில் நின்று பார்க்க, ஜெசிந்தா செய்தித்தாளில் சுற்றிய எலியை வாசல் கேட்டுக்கு மேலாக நீட்டுவாள். என் காதலி எனக்குக் கொடுத்த முதல் பரிசு அதுதான். கல் மாதிரி இருந்தது, கை விறைத்தது, ஆனாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். கோட்டுச்சேரி வருவதற்குள் அது கசிய ஆரம்பித்தது. கண்டக்டர் மோந்து பார்த்துவிட்டு, "என்ன மீனுங்க, கெட்டுப் போச்சு போலருக்கே" என்று கேட்டார். நான் விலாங்கு என்றேன்.

வீட்டில் அம்மா பாம்பைப் பார்த்து அலறியது ஒரே ஒரு தடவைதான். இது தன் வருங்கால மருமகள் வீட்டிலிருந்து வந்த விருந்தாளி என்று தெரிந்ததும் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டது. நான் எலியைப் பெட்டிக்குள் போடப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டது.

"ஏன்டா, சம்பந்தி வூட்டு விருந்தாளிக்கு அப்படியே அழுக்கோடயா போடுவ? கொண்டா இங்க!"

மீன் ஆய்கிற கல்லில் எலியைப் போட்டு, கல்லுப்பும் மஞ்சளும் வைத்து, கவிச்சி போகத் தேய்த்து, மூன்று தண்ணீர் விட்டு அலசியது. எங்கள் வீட்டில் எதுவானாலும் கவிச்சி போனால்தான் அடுப்புப் பக்கம் போகும். எலி மஞ்சள்பூத்து, கல்யாணத்துக்கு நலுங்கு வைத்த மாதிரி ஜொலித்தது. வாழையிலை நறுக்கில் வைத்துப் பெட்டிக்குள் நீட்டினேன். மதாம் நாக்கை ஒரு தடவை நீட்டினார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு பந்தாகிவிட்டார்.

"கூச்சப்படுறாங்க," என்றது அம்மா.

கூச்சப்படுகிற விருந்தாளியை என்ன செய்வோம்? பக்கத்தில் உட்கார்ந்து வற்புறுத்துவோம். அம்மா உட்கார்ந்தது. அப்பா உட்கார்ந்தார். "சும்மா சாப்புடுங்க மதாம், இது உங்க வூடு மாதிரி." சேதி தெரிந்து தெருவே வந்தது. யார் வந்தாலும் வாசலில் செருப்பை விடும்போதே "மதாம் சாப்புட்டாங்களா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அப்பா, "எலும்பு தொண்டையில மாட்டிக்கும்னு பயமோ என்னமோ, துண்டு போட்டுக் குடுப்பமா?" என்றார். எதிர்வீட்டு அக்கா மிளகு தூவச் சொன்னார். அம்மா பனையோலை விசிறியால் மதாமுக்கு விசிறியது. மதாம் பந்தை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

வாரங்கள் போயின. எலிகள் வந்தன, மஞ்சள் குளித்தன, கொல்லையில் புதைந்தன. எனக்குச் சோறு இறங்கவில்லை. பாம்பு செத்துவிடும், அதோடு என் கல்யாணமும் என்று உறுதியாக நம்பினேன். அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகன் பெயரையே விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வழக்கம்போல் பெட்டியைச் சுற்றிக் கூட்டம். நான் மஞ்சள் எலியின் வாலைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, "ஆ காட்டுங்க மதாம், ஒரே வாய்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். திடீரென்று கூட்டம் விலகியது. திரும்பிப் பார்த்தால் வாசலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சொல்தா. பக்கத்தில் ஜெசிந்தா, கையில் அந்த வாரத்து எலிப் பொட்டலம்.

அவர் நேராக வந்து என் கையிலிருந்த எலியை வாங்கினார். மோந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது என்ன தம்பி, கொழம்பு வைக்கப் போறீங்களா?"

"கவிச்சி அடிக்குமேன்னு அம்மாதாங்க..."

"அந்தக் கவிச்சிய வச்சுத்தானய்யா இது எலின்னு அவளுக்குத் தெரியும்! மஞ்சக் கட்டைய யாரு திம்பா? அதுவும் சில்லுன்னு!"

தெருவே என்னைப் பார்த்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. எல்லாம் முடிந்தது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கத்தைவிட துக்கம்தான் அதிகமாக இருந்தது. அழுதுவிடுவேன் போலிருந்தது.

அப்போது ஜெசிந்தா தன் அப்பா கட்டளையை மீறினாள். "இத்தன பேரு வாயையே பாத்துக்கிட்டு இருந்தா நானுந்தான் சாப்புட மாட்டேன்," என்றாள். "எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க. வெந்நி இருக்கா?"

சொல்தா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டோம். தெரு முழுக்க எழுந்து பூவரச மரத்தடிக்குப் போனது. (அம்மாவை மட்டும் இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.) ஜெசிந்தா கொண்டுவந்த எலி வழியிலேயே உருகியிருந்தது. அவள் சொன்னபடி அதைக் கழுவாமல், ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வெந்நீரில் வைத்தேன். குழந்தைக்குப் பால் சூடு பார்க்கிற மாதிரி மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். உயிருள்ள எலியின் சூடு வந்ததும், பெட்டியை ஒரு போர்வையால் மூடி, ஓரத்தை மட்டும் தூக்கி நீட்டினேன்.

நீளமான இடுக்கியால் பிடித்து நீட்ட வேண்டும். காபி வந்தபோது சொல்தா சொன்னவற்றில் அதுவும் ஒன்றாம். நான் கையால் நீட்டினேன். என் கையும் வெதுவெதுப்பாக இருந்தது, அதிலும் எலி வாசனை. மதாம் பாய்ந்தார். ஒன்றரை மாதம் பட்டினி கிடந்தவர் முதலில் கவ்வியது என் கட்டைவிரலை.

நான் கத்தவில்லை.

அறைக்குள் என்னோடு இருந்தவர்கள் சொல்தாவும் ஜெசிந்தாவும்தான். மதாம் விரலை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு விட்டுவிட்டார். ரத்தம் சொட்டச் சொட்ட நான் எலியை இன்னொரு தடவை நீட்டினேன். இந்தத் தடவை சரியாகப் பிடித்தார். உடம்பால் சுற்றி இறுக்கிக்கொண்டு, நிதானமாகத் தலைப்பக்கத்திலிருந்து விழுங்கினார். வால் நுனி உள்ளே போனதும் எனக்கு வந்த சந்தோஷம், பத்தாம் வகுப்பு பாஸானபோதுகூட வரவில்லை.

சொல்தா என்னை வெளியே கூட்டிப்போய்த் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "கடிச்சப்ப இவன் ஒரு சத்தம் போட்டிருந்தா மதாம் பயந்து சாப்பிட்டிருக்க மாட்டா. பல்ல கடிச்சுக்கிட்டு நின்னான் பாருங்க. இவனுக்குப் பொண்ணக் குடுக்கலாம்."

(பயத்தில் நான் கத்தத்தான் பார்த்தேன், காற்றுதான் வந்தது. இது ஜெசிந்தாவுக்கு மட்டும் தெரியும்.)

"அவ செத்துருவான்னு ராத்திரியெல்லாம் தூங்கலைங்க," என்றேன்.

"சாகிறதாவது! இந்தச் சாதி மாசக்கணக்குல சாப்புடாம கெடக்கும். போன வருசம் என்கிட்டயே மூணு மாசம் மொகத்தத் திருப்பிக்கிட்டா." அவர் சிரித்தார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஒருவேளை சொன்னாரோ என்னவோ, காபி வந்தபோது.

அடுத்த தை மாதம் கல்யாணம். கல்யாணப் பந்தியில் இலை போட்டு, முதல் வாயை நான் எடுக்கப் போகும்போது மாமனார் எழுந்து நின்று கையைத் தட்டினார். "மாப்ள சாப்புடப் போறாரு! எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க!" பந்தி முழுக்க, பாதிரியார் உட்பட, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது. இன்றைக்கும் மாமனார் வீட்டில் நான் சாப்பிட உட்கார்ந்தால் என் பேரப்பிள்ளைகள்வரை எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார்கள். ஜெசிந்தா மட்டும் திரும்புவதில்லை. எதிரில் உட்கார்ந்து, கடைசிக் கவளம்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நானும் நன்றாகச் சாப்பிடுகிறேன்.