வயிற்றுக்குள்ளேயே காது கேட்குமாம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காள் கணவன் எழுதிக்கொண்டது. இங்கே அனைவரும் நலம். உன் நலமும், உன் வீட்டு மாடியில் காலியாகக் கிடக்கும் அறையின் நலமும் அறிய ஆவல். அறையை ஏன் விசாரிக்கிறேன் என்று கீழே வரும்.

என் மகள் ஆய்வுக்கூடத்தில் சுண்டெலிக் குட்டிகளின் காதை ஆராய்கிறாள் அல்லவா? போன வாரம் நிறைமாத வயிற்றோடு சோபாவில் சாய்ந்துகொண்டு எனக்குப் பாடம் எடுத்தாள். சுண்டெலிக்குப் பிறக்கும்போது காது கேட்காதாம். உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறதாம். அதற்குள் இருக்கும் நீரில் சோடியம் குறைந்து, பொட்டாசியம் ஏறி, பேட்டரி மாதிரி மின்சாரம் சேர்ந்த பிறகுதான் கேட்க ஆரம்பிக்குமாம். "அப்போ நம்ம குழந்தைக்கும் பொறந்த பிறகுதானே?" என்று நிம்மதியாகக் கேட்டேன். "இல்லப்பா, மனுஷங்களுக்கு அந்த வேலையெல்லாம் வயித்துக்குள்ளயே முடிஞ்சிடும். நீங்களும் அம்மாவும் போடுற சண்டையை மாசக்கணக்கா கேட்டுட்டுத்தான் இருக்கு" என்றாள்.

நானும் உன் அக்காளும் மில்லில் தறி இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகியவர்கள். "தண்ணி வேணுமா?" என்று கேட்டாலே எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். கஞ்சன், சோம்பேறி, குறட்டை என்று என் புகழ் முழுவதையும் கேட்டுவிட்டு வரும் குழந்தை என்னை மதிக்குமா? வாழைப்பழத்தில் பொட்டாசியம் அதிகம் என்று கேள்விப்பட்டுப் பழக்கூடையை ஒளித்து வைத்தேன். "காதுக்கு வேண்டியதைக் காது பாத்துக்கும், பழத்தைக் குடுங்கப்பா" என்று மகள் பிடுங்கிக்கொண்டாள். சரி, இனிமேல் சைகையில்தான் பேச்சு என்று முடிவெடுத்தோம். சாப்பாட்டில் உப்பில்லை என்று நான் கையை ஆட்ட, வாசலில் போன தபால்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று உள்ளே வந்துவிட்டார். போகச் சொல்லி உன் அக்காள் கையை ஆட்ட, அவர் உட்கார்ந்தே விட்டார். வேறு வழியில்லாமல் சோறு போட்டோம். சாப்பிட்டு முடித்து, "உப்புதான் கொஞ்சம் கம்மி" என்றார். அவரைத் திட்ட முடியாத ஆத்திரத்தில் உன் அக்காள் பாத்திர அடுக்கையே தள்ளிவிட்டாள். "அப்பா, உதைக்குதுப்பா!" என்று மகள் அலறினாள்.

ஆகவே மச்சான், உன் அக்காளைக் கொஞ்ச நாள் உன் மாடி அறைக்கு அழைத்துப் போய்விடு. அதற்குள் நான் குழந்தையிடம் இனிமையாகப் பேசி என் பெயரை மீட்டுக்கொள்கிறேன். உன் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, உனக்கு இரண்டும்.

இப்படிக்கு,
வாயைப் பொத்திக்கொண்டு,
உன் அத்தான்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் பேத்தி பிறந்து வீட்டுக்கும் வந்துவிட்டாள். ஒரே அழுகை. மாப்பிள்ளை பாடினார், நான் தேனாகப் பேசினேன், இன்னும் வீறிட்டாள். பொறுமை இழந்த உன் அக்காள், "ஈரத் துண்டைக் கட்டில் மேலயா போடுவீங்க?" என்று பழைய குரலில் கத்தினாள். "காயட்டும்னுதான் போட்டேன்!" என்று நானும் கத்தினேன். பேத்தி கொட்டாவி விட்டுத் தூங்கிவிட்டாள். அவளுக்குப் பழகிய தாலாட்டு அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனவே நீ வர வேண்டாம். ஆனால் அந்த ஒரு சண்டைக்குப் பிறகு, பேத்தி வந்த சந்தோஷத்தில் உன் அக்காளுக்கு என்மேல் கோபமே வருவதில்லை. இதோ, குழந்தை மறுபடியும் சிணுங்குகிறாள். இந்தக் கடிதத்தை உன் அக்காள் கண்ணில் படும்படி மேஜைமேல் விரித்து வைக்கப் போகிறேன். அந்தத் தாலாட்டு எப்படியும் ஒரு வாரத்துக்குத் தாங்கும்.