ஸ்பிரிங்கால் வந்த நிச்சயம்

கிணத்துக்கடவு
11.9.1994

உடுமலை மச்சான் லட்சுமணசாமி அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் பாலுசாமி பணிவுடன் எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே என்மேல் உள்ள கோபம் தவிர மற்றவை நலம்தானே?

தாய்மாமன் இல்லாமல் நிச்சயம் செய்த கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று தாங்கள் எழுதியதைப் படித்து இரண்டு வேளை நான் சாப்பிடவில்லை. மச்சான், நான் நம் பையன் தீபக்குக்குப் பெண் பார்க்கத்தான் அவிநாசி போனேன். மற்றதெல்லாம் காரின் பின் ஸ்பிரிங் செய்த வேலை. தேங்காய் ஏற்றினால் அம்பாசிடர் பின்பக்கம் உட்காருகிறதே என்று ஸ்பிரிங்கில் மூன்று பட்டை கூடுதலாக வைக்கச் சொன்னேன். "பாரம் இல்லாட்டி ஸ்பிரிங் வளையாதுங்ண்ணா, ரோட்டுக் கல்லெல்லாம் உங்க முதுகுலதான் எறங்கும்" என்று மெக்கானிக் பிரான்சிஸ் படித்துப் படித்துச் சொன்னார். கேட்கிற ஆளா நான்? அவருக்கே அரைமணி நேரம் ஸ்பிரிங் பாடம் நடத்திவிட்டு வந்தேன். மறுநாள் காலிக் காரில் சந்தைக்குப் போனதில் உங்கள் தங்கை ராசாத்தாளின் தலை மூன்று முறை கூரையில் முட்டியது. "ஏனுங்க, இதுல அவிநாசி போனா என்னைய ரெண்டு துண்டாத்தான் எறக்கோணும்" என்றாள். பாரம்தானே வேண்டும் என்று, வீட்டில் இருக்கிற மூட்டை எதையாவது டிக்கியில் ஏற்றும்படி தீபக்கிடம் சொன்னேன். தென்னைக்கு வாங்கிய உப்பில் இரண்டு மூட்டை, நாட்டுச் சர்க்கரை ஒரு மூட்டை ஏற்றினான். கார் தொட்டில் மாதிரி போனது. வழியெல்லாம் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அங்கே, நாங்கள் கொண்டுபோன பழத்தட்டை எடுக்கப் பெண்ணின் அப்பா வேங்கடசாமி டிக்கியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "உப்பும் சர்க்கரையும் மூட்டையாவே கொண்டாந்துபோட்டீங்ளே! அம்மணி, பங்காளிகளக் கூப்புடு" என்றார். உப்புச் சர்க்கரை மாற்றிவிட்டால் நம் பக்கம் நிச்சயம் முடிந்த மாதிரி என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? இது ஸ்பிரிங்குக்கு ஏற்றிய பாரம் என்று சொல்ல வாயெடுத்தேன். பட்டை எத்தனை, பாரம் எத்தனை என்று ஆரம்பத்திலிருந்து விளக்குவதற்குள் தாம்பாளத்தைக் கையில் கொடுத்து மாற்ற வைத்துவிட்டார்கள். மூட்டைகள் அங்கேயே தங்கிவிட, திரும்பும்போது காலிக் காரில் வழிநெடுக எகிறிக்கொண்டே வந்தேன். நான்கு நாளாக இடுப்புக்கு ஒத்தடம்.

நீங்கள் வராமல் அந்த மணவறையில் என்னால் நிற்க முடியாது. தப்பு முழுக்க என்னுடையது. நாலு அடி வேண்டுமானாலும் அடியுங்கள், ஆனால் வந்துவிடுங்கள். ரங்கம்மாள் அக்காவுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
நிமிர முடியாத
பாலுசாமி

பி.கு.: உறையை ஒட்டும் முன் தீபக் இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். அவனும் அந்தப் பெண் லோகப்பிரியாவும் கோவையில் ஒரே கம்ப்யூட்டர் வகுப்பாம். என்ன மூட்டை ஏற்றுவது என்று உங்களுக்குத்தான் போன் செய்து கேட்டானாம். "உப்பும் சர்க்கரையும் ஏத்து கண்ணு. உங்கொப்பன் ஸ்பிரிங்கப் பத்திப் பேசி முடிக்கறதுக்குள்ள நிச்சயம் முடிஞ்சுரும்" என்றீர்களாமே? அப்புறம் வரமாட்டேன் என்று எழுதியது வெறும் நாடகம்தானே? மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இனி மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியது நீங்கள். என் இடுப்புக்குத் தனியாக ஒரு பக்கம் எழுதவும்.